வீட்டு வட்டின் கணக்கேடு குலையும்போது

வணிகவியல் பயின்றோர்க்குக் குறிப்பேடு, பேரேடு ஆகிய சொற்கள் புதியன அல்ல. நடவடிக்கை நிகழ்ந்தவுடன் அதனை நாள்வரிசையில் முதலில் பதிவது குறிப்பேடு. பின்னர் அதனை உரிய கணக்கின் பக்கத்துக்கு எடுத்தெழுதுவது பேரேடு. 1494-ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் அச்சான தமது நூலில் லூக்கா பசியோலி இம்முறையை விளக்கியபோது, ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின்னர் இதே முறை உள்ளங்கை அளவுள்ள வட்டு ஒன்றினுள் இயங்கும் என்று எண்ணியிருக்க வழியில்லை. ஆயினும், நம் இல்லங்களில் புகைப்படங்களையும் ஆவணங்களையும் காத்துவரும் சேமிப்புச் சேவையகங்கள் பலவும் இன்று இவ்வாறுதான் கணக்கு எழுதுகின்றன. அக்கணக்கு குலைந்தால் என்ன நிகழ்கிறது, அதனைச் சீர்செய்யும் கருவி உண்மையில் எதைச் சீர்செய்கிறது என்பதை வாடிக்கையாளர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

சேமிப்புச் சேவையகம் என்பது வேறொன்றுமில்லை. ஒன்றோ இரண்டோ வட்டுகளைத் தாங்கிய சிறு பெட்டி. வீட்டின் இணையத் திசைவியோடு இணைந்து இரவும் பகலும் இயங்குவது. வீட்டிலுள்ளோர் அனைவரும் தத்தம் கைப்பேசியிலிருந்தும் மடிக்கணினியிலிருந்தும் கோப்புகளை அதில் வைத்து எடுப்பர். கடையில் வாங்கிய பெட்டியாகவும் இருக்கலாம், பழைய கணினியில் லினக்ஸ் நிறுவி அமைத்ததாகவும் இருக்கலாம். பெங்களூரில் கணினித் துறையினர் இல்லாத தெரு அரிது என்பதால், மகனோ மகளோ அமைத்துக் கொடுத்துவிட்டு வெளிநாடு சென்ற இத்தகைய பெட்டிகள் பெற்றோர் வீடுகளில் ஓசையின்றி ஓடிக்கொண்டிருப்பதை நாம் அடிக்கடி காண்கிறோம். அதனுள் என்ன இருக்கிறது என்று கேட்டால், 'எல்லாம் அதில்தான்' என்பதே பெரும்பாலும் விடை. வீட்டுப் பத்திரத்தின் நகல், வருமான வரிப் படிவங்கள், காப்பீட்டுத் தாள்கள், பேரக்குழந்தையின் முதல் பிறந்தநாள் எல்லாமே அதில் அடக்கம்.

வட்டில் உள்ள தரவு நூலகத்து நூல்போல் அடுக்கி வைக்கப்பட்டதன்று. ஒரு புகைப்படம் வட்டின் பல இடங்களில் துண்டுகளாகக் கிடக்கலாம். எந்தத் துண்டு எங்கே, எந்தக் கோப்பின் பெயர் என்ன, அது எந்தக் கோப்புறையில் உள்ளது, எவ்விடம் காலி என்பனவற்றைத் தனியே எழுதிவைக்கும் ஏற்பாட்டுக்குக் கோப்பு முறைமை என்று பெயர். லினக்ஸ் உலகில் பரவலாக வழங்கும் கோப்பு முறைமை 'எக்ஸ்ட்4'. அதில் ஒவ்வொரு கோப்புக்கும் 'ஐநோடு' எனப்படும் ஒரு பக்கம் உண்டு. அதனைப் பேரேட்டில் ஒரு கணக்குக்கு உரிய பக்கம் எனக் கொள்ளலாம். கோப்பின் அளவும், துண்டுகளின் இருப்பிடமும் அதில் இருக்கும். வியப்பு என்னவெனில், கோப்பின் பெயர் மட்டும் அதில் இராது. பெயர் கோப்புறையில் இருக்கும். கோப்புறை அந்தப் பக்க எண்ணைச் சுட்டும். வங்கியில் வாடிக்கையாளரின் பெயர் அகரவரிசைப் பதிவேட்டிலும், தொகை கணக்கு எண்ணின் பக்கத்திலும் இருந்த பழைய நாள்களை நினைவில் கொண்டோர்க்கு இது எளிதில் விளங்கும். பெயருக்கும் கணக்குக்கும் இடையிலான இந்தப் பிரிவை மனத்தில் இருத்திக்கொள்வது நன்று. பழுது நேரும்போது முதலில் அறுபடுவது பெரும்பாலும் இந்த இழைதான்.

இந்த ஏடுகள் அனைத்துக்கும் முகப்பாக 'சூப்பர்பிளாக்' என்ற பகுதி உள்ளது. வட்டின் அளவு என்ன, ஏடுகள் எங்கே தொடங்குகின்றன என்பதெல்லாம் அதில்தான். அது ஒன்று அழிந்தால் முழு வட்டும் வெற்று வட்டாகவே தோன்றும். எனவே அதன் படிகள் வட்டின் பல தொகுதிகளில் வைக்கப்படுகின்றன: முதல் தொகுதியிலும், 3, 5, 7 ஆகிய எண்களின் அடுக்குகளாக வரும் தொகுதிகளிலும். வழக்கமான அமைப்பில் தொகுதி ஒன்றின் அளவு 128 மெகாபைட். ஆகவே 4 டெராபைட் வட்டில் ஏறத்தாழ 30,000 தொகுதிகள் அமைகின்றன. கணக்கிட்டுப் பார்த்தால் மூலத்தைத் தவிர 21 படிகள் வட்டெங்கும் சிதறிக் கிடக்கின்றன. 'வட்டு காலி' என்று திரை காட்டியதும் மனம் தளர்வோர் இதனை அறிந்திருத்தல் நலம். சீராக்கும் கருவியிடம் மாற்றுப் படி உள்ள இடத்தைச் சொன்னால், பல வேளைகளில் முகப்பு மீண்டுவிடும்.

குறிப்பேடு காப்பது எதை?

கோப்பு ஒன்றை எழுதும்போது ஏடுகள் பலவற்றில் திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. காலியிடப் பட்டியலில் கழித்து, ஐநோடில் சேர்த்து, கோப்புறையில் பெயரிட வேண்டும். பாதியில் மின்சாரம் நின்றால் ஓர் ஏட்டில் பற்று, மற்றோர் ஏட்டில் வரவு இல்லை என்ற நிலை உண்டாகும். எக்ஸ்ட்3 காலம் தொட்டு இதற்குத் தீர்வாகக் குறிப்பேட்டு முறை வந்தது. ஸ்டீபன் ட்வீடி வடிவமைத்த அது 2001-இல் லினக்ஸின் மைய நிரலில் இடம்பெற்றது. செய்யவிருக்கும் திருத்தங்களை முதலில் குறிப்பேட்டில் ஒரு தொகுப்பாக எழுதி, அது முழுமை பெற்றபின் பேரேடுகளுக்கு எடுத்தெழுதுகின்றனர். மின்சாரம் மீண்டதும் குறிப்பேட்டைப் பார்த்து, முழுமையான பதிவுகளை மறுபடி ஏற்றி, அரைகுறைப் பதிவுகளைத் தள்ளிவிடலாம். கணினி நூலோர் இதற்கு வைத்த பெயரும் 'ஜர்னல்' என்பதே. நம் பாடநூல் குறிப்பேடு என்று சொல்லும் அதே சொல்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வழக்கமான அமைப்பில் எக்ஸ்ட்4-இன் குறிப்பேடு ஏடுகளின் திருத்தங்களை மட்டுமே பதிகிறது. கோப்பின் உள்ளடக்கத்தை அன்று. பற்றுவரவு ஒத்துப்போகும் என்பதற்கு அது உறுதி. பெட்டகத்திலுள்ள நகையின் மாற்றுக்கு அது உறுதியன்று. மேலும், தரவு உடனே வட்டுக்குப் போகாமல் நினைவகத்தில் சிறிது நேரம் காத்திருப்பதும் வழக்கம். அந்நேரத்தில் மின்சாரம் போனால் காத்திருந்தது போனதுதான். வட்டின் சில பகுதிகளே தேய்ந்து படிக்கவியலாமற் போகும்போதோ குறிப்பேட்டால் செய்யத்தக்கது மிகக் குறைவு. ஏட்டைக் கரையான் அரித்தபின் எழுதும் முறையின் சிறப்பால் பயன் என்ன?

எக்ஸ்ட்4 உருவானதில் பெங்களூருக்கும் பங்குண்டு என்பது பலர் அறியாதது. ஐபிஎம் நிறுவனத்தின் லினக்ஸ் தொழில்நுட்ப மையத்தைச் சேர்ந்த இந்தியப் பொறியாளர்கள் அதில் பங்களித்தனர். 2007-இல் ஒட்டாவா லினக்ஸ் கருத்தரங்கில் இம்முறைமையின் நிலையையும் திட்டத்தையும் விளக்கிய கட்டுரையின் ஆசிரியர்களுள் சுபர்ணா பட்டாச்சார்யா ஒருவர். மறு ஆண்டு அதே அரங்கில் இட ஒதுக்கீட்டு மேம்பாடுகளைப் பற்றிய கட்டுரைக்கு முதலாசிரியர் அனீஷ் குமார். அமித் அரோரா உழைத்த 'ஃபாலொகேட்' வசதி வங்கியருக்கு இனிக்கும் ஒன்று. ஒரு கோப்புக்குத் தேவையான இடத்தை முன்கூட்டியே ஒதுக்கிவைப்பது அதன் பணி. கடன் வரம்பு அனுமதிக்கப்பட்டும் தொகை இன்னும் எடுக்கப்படாத நிலை போன்றது. ஒதுக்கிய இடத்தைப் படித்தால் முன்பு அங்கிருந்த பிறர் தரவு தெரியாது; வெறும் பூச்சியங்களே வரும். 2008 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 2.6.28 பதிப்பில் எக்ஸ்ட்4 நிலைத்த பயன்பாட்டுக்குரியதாக அறிவிக்கப்பட்டது. இன்று கடையில் கிடைக்கும் வீட்டுச் சேமிப்புப் பெட்டிகள் பலவும் அதனையோ 'பிடிஆர்எஃப்எஸ்' முறைமையையோ கொண்டு இயங்குகின்றன.

ஐந்து சுற்றுத் தணிக்கை

குலைந்த கோப்பு முறைமையைச் சீர்செய்யும் கருவிக்கு 'எஃப்எஸ்சிகே' என்று பெயர். 1970-களில் யூனிக்ஸுக்காக டெட் கோவால்ஸ்கி எழுதியது அதன் மூதாதை. எக்ஸ்ட் வகை முறைமைகளுக்கு உரியதைத் தியோடர் சோ எழுதி வளர்த்தார். அது ஐந்து சுற்றுகளில் வேலை செய்கிறது. ஒவ்வொன்றையும் நம் தணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அதன் இயல்பு விளங்கும்.

முதற் சுற்றில் ஒவ்வோர் ஐநோடையும் எடுத்து, அது உரிமை கோரும் இடங்கள் சரியா என்று பார்க்கிறது. ஒரே இடத்தை இரு கோப்புகள் கோரினால்? ஒரே வைப்புத்தொகை இருவர் கணக்கில் வரவானது போன்ற சிக்கல் இது. வங்கியாயின் சான்றுச்சீட்டைத் தேடுவோம். கருவிக்குச் சான்றுச்சீட்டு இல்லை. எனவே அவ்விடத்தைப் படியெடுத்து இருவருக்கும் ஆளுக்கொன்றாய்க் கொடுத்துவிடுகிறது. ஏடு ஒத்துப்போயிற்று. ஆனால் அவ்விரு கோப்புகளுள் ஒன்றிலேனும் பிறருடைய உள்ளடக்கம் புகுந்திருக்கும் என்பதை அது நமக்கு எடுத்துச் சொல்லாது.

இரண்டாம் சுற்று கோப்புறைகளைப் பார்க்கிறது. இல்லாத ஐநோடைச் சுட்டும் பெயர்கள் அங்கே நீக்கப்படும். மூன்றாம் சுற்று, எல்லாக் கோப்புறைகளும் வேரிலிருந்து எட்டக்கூடியனவா என்று பார்க்கிறது. நான்காவது, ஒவ்வொரு கோப்பையும் எத்தனை பெயர்கள் சுட்டுகின்றன என்ற எண்ணிக்கையைச் சரிபார்க்கிறது. பெயரே இல்லாமல் கிடக்கும் கோப்புகள் இங்கே வெளிப்படும். அவற்றையும் வேரற்ற கோப்புறைகளையும் 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' என்ற தனிக் கோப்புறையில் கொண்டுபோய் வைக்கிறது. வணிகவியலில் இதற்கு நேரான பெயர் நம்மிடம் ஆயத்தமாக உள்ளது: அனாமத்துக் கணக்கு. இருப்பாய்வு ஒத்துவராதபோது வேறுபாட்டுத் தொகையை அங்கே நிறுத்திவைத்துப் பின்னர் உரியவரைத் தேடுவோம் அல்லவா, அதுவேதான். அங்கே போகும் கோப்புக்குப் பழைய பெயர் இராது. ஐநோடின் எண் மட்டுமே பெயராய் நிற்கும். ஐந்தாம் சுற்று, காலியிடப் பட்டியலையும் தொகுதி எண்ணிக்கைகளையும் உண்மை நிலைக்கு ஏற்பத் திருத்துகிறது. இறுதி நிலுவைகளைச் சரிகட்டுவதுதான்.

இதிலிருந்து பெறப்படுவது ஒன்றுண்டு. அக்கருவியின் நோக்கம் ஏடுகள் தம்முள் ஒத்துப்போவது. நம் கோப்புகளை மீட்பது அன்று. ஒத்துப்போகாத பதிவை நீக்கினாலும் ஒப்புமை வந்துவிடும், சேர்த்தாலும் வந்துவிடும். நீக்குவது எளிதாயின் அது நீக்கும். ஐநோடின் உள்ளடக்கம் பொருளற்றதாகத் தோன்றினால் அப்பக்கத்தையே துடைத்துவிடும். புகைப்படத்தின் பாதியில் சாம்பல் நிறப் பட்டை விழுந்திருப்பது அதற்குத் தெரியாது; படத்தை அது திறந்தே பார்ப்பதில்லை. இருப்பாய்வு ஒத்தாலும் பிழை இருக்கக்கூடும் என்று முதலாண்டு வகுப்பில் படித்ததை இங்கே நினைவுகூரலாம்.

ஒக்கலிபுரத்து வீடொன்றில்

இதன் நடைமுறைப் பொருளை ஒக்கலிபுரத்தில் கண்டோம். நகரின் மத்திய ரயில் நிலையத்துக்கு அருகே, ஸ்ரீராமபுரத்தை ஒட்டி, தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் பகுதி அது. கனமழை பெய்தால் ரயில் கீழ்ப்பாலத்தில் நீர் தேங்குவது செய்தித்தாள் படிப்போர் அறிந்தது. ஓய்வூதியத்துக்காக எம் கிளைக்கு வரும் பெரியவர் ஒருவரின் வீட்டில், மழைக்கால இரவொன்றில் மின்சாரம் மூன்று நான்கு முறை போய்ப் போய் வந்திருக்கிறது. யு.பி.எஸ். இருந்தது, அதன் மின்கலம் ஆண்டுகளுக்கு முன்பே வலுவிழந்திருந்தது. காலையில் சேவையகம் எழுந்தது. 'குடும்பம்' என்ற கோப்புறை மட்டும் திறக்கவில்லை. காலஞ்சென்ற மனைவியாரின் படங்களும், அவர் பேரனுக்குத் தொலைபேசியில் பாடிய தாலாட்டுகளின் ஒலிப்பதிவுகளும் அதில்தான் இருந்தன. வேறெங்கும் படி இல்லை.

அடுத்த வீட்டு இளைஞர் ஆர்வத்தோடு வந்தார். திரையில் கருவி கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. "எல்லாத்துக்கும் எஸ் குடுத்துடலாம் தாத்தா, அரை மணி நேரத்துல முடிஞ்சிடும்" என்றார். அவர் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. அதற்கென்றே ஒரு தெரிவும் கருவியில் இருக்கிறது. தடுத்தவர் தணிக்கையாளர் அலுவலகம் ஒன்றில் பணியாற்றும் பெரியவரின் மகள். "எதை அழிக்கப்போகுதுன்னு முதல்ல பார்க்கலாம் தம்பி" என்றாராம். கணினி அறிவைவிடத் தொழில் பழக்கமே அவரை அவ்வாறு சொல்ல வைத்தது என்பது எம் கருத்து.

அவர்கள் செய்ததை வரிசையாகக் கேட்டறிந்தோம். முதலில் சேவையகத்தின் பொதுப் பயன்பாட்டை நிறுத்தினர். கோப்பு முறைமை இணைப்பில் இருக்கும்போது சீராக்கும் கருவியை ஓட்டுவது, முகப்பில் வாடிக்கையாளர் வரிசை நிற்கையில் ரொக்கத்தை எண்ணிச் சரிபார்ப்பதற்கு ஒப்பாகும். எண்ணும்போதே இருப்பு மாறிக்கொண்டிருக்கும். கருவியே எச்சரிக்கும், எச்சரிக்கையை மீறினால் இருந்ததும் கெடும். படிப்பதற்கு மட்டும் இணைத்துப் பார்க்கலாமே என்று எண்ணலாம். அப்போதும் குறிப்பேட்டை மறுபடி ஏற்றும் பொருட்டு முறைமை வட்டில் எழுதக்கூடும் என்பதால், அதற்கும் அவர்கள் பொறுத்திருந்தனர்.

அடுத்து வட்டின் உடல்நலம் பார்த்தனர். 'ஸ்மார்ட்' எனப்படும் தன்னாய்வுக் குறிப்பை ஒவ்வொரு வட்டும் தானே வைத்திருக்கிறது. படிக்கவியலாமல் நிலுவையில் நிற்கும் பகுதிகளின் எண்ணிக்கை அதில் பூச்சியமாக இருக்க வேண்டும். இங்கே இல்லை. ஆகவே, நோய் ஏட்டில் மட்டுமன்று, தாளிலும் இருந்தது. இந்நிலையில் பழைய வட்டின் மீதே சீராக்கும் கருவியை ஓட்டியிருந்தால், தேய்ந்த பகுதிகளைத் திரும்பத் திரும்பப் படித்தும் எழுதியும் எஞ்சியதையும் இழக்க நேர்ந்திருக்கும். வட்டிலிருந்து தட்டும் ஓசை கேட்குமாயின் இந்த அளவுக்குக் கூட முயலலாகாது. மின்சாரத்தைத் துண்டித்து, தரவு மீட்பையே தொழிலாகக் கொண்டவரிடம் ஒப்படைப்பதே முறை.

எஸ்.பி. சாலை அங்கிருந்து தொலைவில்லை. கணினி உறுப்புகளுக்குப் பெயர்பெற்ற அத்தெருவில் பழைய வட்டினும் பெரிய புது வட்டு ஒன்றை வாங்கிவந்து, 'டிடிரெஸ்க்யூ' என்னும் இலவச மென்பொருளால் வட்டை முழுமையாகப் படியெடுத்தனர். சாதாரணப் படியெடுப்பு பழுதான பகுதியில் முட்டிக்கொண்டு நிற்கும். இதுவோ எளிதில் படிக்கத்தக்கவற்றை முதலில் எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் பகுதிகளைக் குறிப்பேடு ஒன்றில் எழுதிவைத்துப் பின்னர் மீண்டும் மீண்டும் முயல்கிறது. 4 டெராபைட் வட்டின் நல்ல பகுதிகளுக்கு ஓர் இரவு போதுமானதாயிற்று. எஞ்சிய சிறு பகுதிக்கு மேலும் இரண்டு நாள். அதன்பின் பழைய வட்டைக் கழற்றி, நாளிட்டு, உறையிலிட்டு அலமாரியில் வைத்துவிட்டனர். இனி என்ன செய்தாலும் புது வட்டில்தான்.

புது வட்டின் மீது முதலில் ஓட்டியது, எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று விடையளிக்கும் முறை. எதையும் மாற்றாமல், என்னென்ன மாற்ற விரும்புகிறது என்ற பட்டியலை மட்டும் கருவி தரும். வங்கிச் சரிகட்டும் பட்டியல் போன்றது அது. வேறுபாடு எங்கே என்று சொல்லும், பதிவைத் திருத்தாது. குறிப்பேடு ஏற்றப்படாத நிலையில் எடுத்த பட்டியல் ஆதலால் சிக்கலைச் சற்றே மிகையாகவும் காட்டக்கூடும். பட்டியலைப் பார்த்த மகளுக்குக் 'குடும்பம்' கோப்புறையின் பக்கமே படிக்கவியலாமற் போனது தெரிந்தது. உள்ளே இருந்த கோப்புகளின் பக்கங்களோ பெரும்பாலும் நலமாக இருந்தன. பெயரேடு போயிற்று, கணக்குகள் இருந்தன. இந்த நிலையில் சீர்செய்ய ஒப்புதல் அளிப்பது பாதுகாப்பானதே. தவறினும் அலமாரியில் மூலம் இருக்கிறது.

கருவி ஓடி முடிந்ததும் அனாமத்துக் கணக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகள், ஒவ்வொன்றும் எண்ணைப் பெயராகத் தாங்கி. உரியவரைத் தேடும் வேலை அதன்பின்தான் தொடங்கியது. கோப்பின் தொடக்கப் பைட்டுகளைக் கொண்டு அது படமா, ஒலியா, ஆவணமா என்று பிரிக்கலாம். படங்களுள் எடுத்த நாளும் நேரமும் பதிந்திருக்கும் என்பதால் ஆண்டுவாரியாக அடுக்கலாம். ஒலிப்பதிவுகளுக்கு அத்தகைய வசதி இல்லை. அவற்றைப் பெரியவரே ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெயரிட்டார். இரண்டு மாதங்கள் ஆயின. ஒலிப்பதிவுகளில் இரண்டு திறக்கவே இல்லை. ஒன்று பாதியில் நிற்கிறது. படங்களில் சில கீழ்ப்பாதி சாம்பலாய் இருக்கின்றன. கருவியைப் பொறுத்தவரை கோப்பு முறைமை இப்போது பிழையற்றது.

ஏடுகளே முற்றிலும் அழிந்திருந்தால் இன்னொரு வழியும் இருந்திருக்கும். 'ஃபோட்டோரெக்' போன்ற மென்பொருள்கள் கோப்பு முறைமையைப் பொருட்படுத்தாமல் வட்டு முழுவதையும் துழாவி, ஜேபெக் படங்கள் தொடங்கும் வழக்கமான பைட்டுகளைக் கொண்டு அவற்றை அடையாளம் கண்டு வேறொரு வட்டில் எடுத்துவைக்கின்றன. பேரேடு எரிந்தபின் சான்றுச்சீட்டுகளைப் பொறுக்குவது போன்றது. பெயரும் வராது, துண்டுகளாய்க் கிடந்த பெரிய கோப்புகளும் முழுமையாய் வரா.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை, இதனை அறியாமல் தரவை இழந்தோர் பலர் என்பதால். லினக்ஸ் சேவையகத்தின் வட்டைக் கழற்றி விண்டோஸ் கணினியில் செருகினால், 'இவ்வட்டைப் பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும்' என்று அது கேட்கும். வட்டு கெட்டதால் அவ்வாறு கேட்கவில்லை. எக்ஸ்ட்4 எழுத்தை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது, அவ்வளவே. ஒப்புதல் அளித்தால் பழைய ஏட்டின் மேல் புது ஏடு திறக்கப்பட்டுவிடும்.

இரட்டை வட்டும் படியும்

'எங்கள் பெட்டியில் இரண்டு வட்டுகள் உள்ளன. ஒன்று போனால் மற்றொன்று இருக்கிறது' என்று சொல்வோர் உண்டு. 'ரெய்டு' எனப்படும் அவ்வேற்பாட்டை 1988-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகியோர் முறைப்படுத்தி எழுதினர். வட்டு ஒன்று உடலளவில் செயலிழந்தால் பணி தடைப்படாதிருக்க அது மிக நன்று. ஆனால் கோப்பு முறைமை அவ்விரண்டுக்கும் மேலே ஒன்றே. அங்கே பிழையான பதிவு எழுந்தால் இரு வட்டுகளிலும் அதே நொடியில் அதே பிழை பதியும். தவறுதலாக அழித்தாலும் அவ்வாறே. ஒரே பேரேட்டை இரு கைகளால் ஒரே நேரத்தில் எழுதுவதைக் காப்புப்படி என்று எந்தத் தணிக்கையாளரும் ஏற்கமாட்டார். பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் போன்ற முறைமைகள் ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பு எண் வைத்து, உள்ளடக்கம் மாறியிருப்பதையும் கண்டுகொள்கின்றன. இரண்டாம் வட்டில் நல்ல படி இருப்பின் திருத்தியும் கொள்கின்றன. எக்ஸ்ட்4 கோப்புகளின் உள்ளடக்கத்துக்கு அதனைச் செய்வதில்லை. ஆயினும் வீடே நனைந்தால் எம்முறைமையும் ஒன்றுதான்.

புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 என்னும் வழக்கம் இதற்கு எளிய விடை: மூன்று படிகள், இருவகை ஊடகங்கள், ஒன்று வேறிடத்தில். ஒக்கலிபுரத்துப் பெரியவர் இப்போது யு.பி.எஸ். மின்கலத்தை மாற்றியிருக்கிறார், தவிர, இரு வெளிவட்டுகளை வைத்துக்கொண்டு மாதந்தோறும் ஒன்றை ஓசூரில் உள்ள மகள் வீட்டுக்கு அனுப்பி மற்றொன்றை வரவழைக்கிறார். படி எடுத்தால் மட்டும் போதாது, அதிலிருந்து சில கோப்புகளைத் திறந்து பார்க்கவும் வேண்டும் என்பதில் மகள் கண்டிப்பாக இருக்கிறாராம்.

வேறிடம் என்றால் வங்கியின் பாதுகாப்புப் பெட்டகம் ஆகுமா என்று சிலர் எம்மிடம் கேட்கின்றனர். தாராளமாக வைக்கலாம். தீ, திருட்டு, கட்டடச் சரிவு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால், ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரை வங்கி பொறுப்பேற்கும் என்பது 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கியின் விதி. வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றங்களுக்கு, வங்கியின் கவனக்குறைவு இல்லாதவரை, அப்பொறுப்பு இல்லை. எனவே பெட்டகத்து வட்டு மூன்றில் ஒன்றாக இருக்கட்டும், ஒன்றே ஒன்றாக வேண்டா. ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதனை எடுத்து இயக்கிப் பார்த்து, புதியன சேர்த்துத் திரும்ப வைப்பதும் தேவை.

ஆவணங்களைப் பொறுத்தவரை அச்சம் சற்றுக் குறைவு. அரசு வழங்கும் சான்றுகள் பலவற்றை 2015-இல் தொடங்கிய டிஜிலாக்கரில் மறுபடி பெறலாம். அங்கே துறைகள் நேரடியாக வழங்கியவை மூலத்துக்கு நிகரானவை. கர்நாடகத்தில் பதிவான சொத்துக்கு வில்லங்கச் சான்றும் பத்திரத்தின் சான்றிட்ட நகலும் 'காவேரி' இணையச் சேவை வழியே விண்ணப்பிக்கத்தக்கவை. கணக்கு அறிக்கைகளை நாம் தருகிறோம். ஆனால் அதற்கும் எல்லை உண்டு: வங்கிகள் பதிவேடுகளைப் பேண வேண்டிய காலத்தை 1985-ஆம் ஆண்டின் விதிகள் சிலவற்றுக்கு ஐந்தாண்டு, சிலவற்றுக்கு எட்டாண்டு என வரையறுத்துள்ளன. இருபது ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கு அறிக்கையின் ஒரே நகல் உங்கள் வீட்டு வட்டில் இருப்பதாயின், படி எடுக்க வேண்டிய பட்டியலில் அதனைப் புகைப்படங்களுக்கு அடுத்த இடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.